முந்திரி வாங்க வெளிநாடு போகிறவர்களின் கேள்விகள்: விமானம் ரத்தானால், நுழைவு விதி மாறினால்

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஓர் அண்டியாபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், இறக்குமதிக் காகிதங்கள் பார்ப்பது என் வேலை. தோடு நீக்காத கொட்டையை, எங்கள் பேச்சில் தோட்டண்டியை, வாங்க இங்கிருந்து ஆண்டுதோறும் ஆட்கள் ஐவரி கோஸ்ட், கானா, கினி-பிசாவ், தான்சானியா என்று கிளம்புகிறார்கள். இயந்திரம் பார்க்க வியட்நாம் போகிறவர்களும் உண்டு, பருப்பு விற்க ஐரோப்பா போகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் வாசல் திருவனந்தபுரம் விமான நிலையம்தான். எங்கள் எல்லையிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரி முதல் ஜூன் வரை சீசன், தான்சானியாவில் அக்டோபரில் தொடங்கும். அந்த மாதங்களில் எனக்கு நடுராத்திரியிலும் போன் வரும். கேட்பவர் வேறு, கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, எனக்க பாஸ்போர்ட்டு இன்னும் நாலு மாசம் ஓடும். ரெண்டு வாரத்துல திரும்பிருவேன். போதாதா?

போதாது. நாம் போகிற பெரும்பாலான நாடுகள் உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி கேட்கின்றன. நீங்கள் இரண்டு வாரத்தில் திரும்புவதைப் பற்றி அவர்களுக்குக் கணக்கே இல்லை. முழுக்க வெறுமையான பக்கம் குறைந்தது இரண்டு வேண்டும். சீசனுக்கு மூன்று நாடு சுற்றுகிறவர்களுக்குப் பக்கம் தீர்ந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. புதுப்பிக்கும்போது 36 பக்கத்துக்குப் பதில் 60 பக்கப் புத்தகம் கேட்டு வாங்குங்கள்.

மழையில் நனைந்து புகைப்படப் பக்கம் உப்பியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். கிழிந்த, நனைந்த பாஸ்போர்ட்டோடு வருகிறவரைக் கவுண்டரிலேயே நிறுத்த விமான நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

பாஸ்போர்ட்டுல என் பேரு மட்டும்தான் இருக்கு, சர்நேம் காலியா கிடக்கு. இதுல என்ன தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை, நம் வழக்கம் அது. ஆனால் விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு இரண்டு பெயர் வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்க முடியாது என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் பார்க்கலாம் என்று பிறகு தளர்த்தியது. அந்த நாட்களில் இனிஷியலோடு வாழ்ந்த நம் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வியாபாரத்துக்கு அடிக்கடி போகிறவர், அடுத்த முறை புதுப்பிக்கும்போது அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துவிடுவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. பிறகு டிக்கெட், விசா, ஊசிச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். விமானம் ரத்தாகி வேறு கம்பெனி டிக்கெட் போட்டுத் தரும்போதும் பெயரை மறுபடி சரிபாருங்கள். அவசரத்தில் தட்டச்சு செய்வதில்தான் எழுத்து மாறும்.

டூரிஸ்ட் விசாவுல போய் சரக்கு பாத்துட்டு வந்துரலாமா?

பலர் போகிறார்கள், பலர் திரும்பியும் வருகிறார்கள். ஆனால் குடோனில் நின்று சாம்பிள் எடுத்து, கொட்டை வெட்டி அவுட்டர்ன், அதாவது எவ்வளவு பருப்பு தேறும் என்று, பார்த்து, விலை பேசுவது சுற்றுலா ஆகாது. குடியேற்ற அதிகாரி ‘என்ன வேலையாக வந்தீர்கள்’ என்று கேட்டு, உங்கள் பையில் கத்தியும் தராசும் இருந்தால் என்ன சொல்வீர்கள்? வியாபார விசாவுக்கு விற்பவரிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வேண்டும், அதற்காக ஒரு வாரம் முன்கூட்டியே எழுதுங்கள். தகராறு வந்து நீங்கள் புகார் கொடுக்க வேண்டிய நாளில், தவறான விசாவில் இருப்பவரின் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்காது.

மஞ்சக்காமாலை ஊசி போடணும்னு சொல்றாங்களே, அது என்னத்துக்கு?

முதலில் ஒரு திருத்தம். இது மஞ்சள்காமாலை அல்ல, மஞ்சள் காய்ச்சல். கொசு மூலம் பரவும் வேறு நோய், இந்தியாவில் இதுவரை இல்லாதது. இங்கே கொசு இருக்கிறது, நோய்க்கிருமி மட்டும்தான் வரவில்லை. அதனால்தான் நம் அரசு இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினி-பிசாவ், நைஜீரியா, எத்தியோப்பியா எல்லாம் இந்தியாவின் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால், இந்தியக் குடிமகனே ஆனாலும் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். புதன்கிழமை விமானம் என்று ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தால் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே போட வேண்டும். கொச்சித் துறைமுகச் சுகாதார அலுவலகமும் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் அப்படிப்பட்டவை. மருந்துக் குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பலருக்குப் போட்டுத் தீர்க்க வேண்டும் என்பதால், மையங்கள் குறித்த நாளில் ஆள் சேர்த்துப் போடுகின்றன. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலையிலிருந்து அதுதான் உலக விதி. பழைய சான்றிதழில் பத்து வருடம் என்று அச்சாகியிருந்தாலும் கவலை வேண்டாம். அந்த மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வையுங்கள். பெட்டியில் போட்டுச் செக்-இன் செய்துவிட்டு இங்கே வந்து தேடியவரை நான் பார்த்திருக்கிறேன்.

விசாவே வேண்டாம்னு சொன்ன நாட்டுக்கு ஏதோ கார்டு போடணும்ங்காங்க. ஆன்லைன்ல போட்டா காசு கேக்குது.

விசா விலக்கு வேறு, வருகை அட்டை வேறு. மலேசியாவுக்கு நமக்கு 2023 டிசம்பர் முதல் விசா வேண்டாம், ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்து 2025 மே 1 முதல் அதேபோல் கேட்கிறது. சிங்கப்பூருக்கும் உண்டு. மூன்றுமே இலவசம். காசு கேட்டால் நீங்கள் இருப்பது இடைத்தரகர் வலைத்தளம். தேடும்போது முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள், அரசின் முகவரிதானா என்று பாருங்கள்.

போன வருசம் இதே ரூட்டுல போனேன், ஒண்ணும் கேக்கல. இப்ப மட்டும் ஏன் கேக்கான்?

விதி போன வருடத்தோடு முடிந்துவிட்டது, அதனால். கொரோனா காலத்தில் இந்தியா திரும்ப ஏர் சுவிதா படிவம் கட்டாயமாக இருந்தது. 2022 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அதை நிரப்பச் சொல்லும் பழைய பக்கங்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதை விட்டு, கைரேகையும் முகமும் பதிவு செய்யும் முறைக்கு மாறத் தொடங்கின. பெனின் 2024 ஏப்ரலில் தோட்டண்டி ஏற்றுமதியையே நிறுத்தியது. அதை அறியாமல் போகிறவருக்கு விசா கிடைத்தும் பயனில்லை.

கவுண்டரில் இருக்கும் பெண் தன் விருப்பத்துக்குக் கேட்பதில்லை. விமான நிறுவனங்கள் டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பைப் பார்த்துத்தான் ஏற்றுகின்றன. காகிதம் சரியில்லாத ஆளைக் கொண்டு இறக்கினால் கம்பெனிக்கு அபராதம் விழும், திரும்பக் கொண்டுவரும் செலவும் அவர்கள் தலையில். டிக்கெட் போடும் நாளிலும், கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னும், அந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தையும் விமான நிறுவனத்தின் பக்கத்தையும் பாருங்கள். ‘போன தடவை போனவர் சொன்னார்’ என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். அது நானாக இருந்தாலும் சரி.

கையில எவ்வளவு டாலர் கொண்டு போகலாம்?

ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை. மீதி கார்டிலோ வங்கி வழியாகவோ. வாங்கிய ரசீதைக் கையில் வையுங்கள்.

நாளைக்கு கேரளத்துல ஹர்த்தால். களியக்காவிளை தாண்டி ஏர்போர்ட்டுக்கு எப்பிடிப் போறது?

ஹர்த்தாலுக்கு, அதாவது முழு அடைப்புக்கு, ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. ஆனாலும் திடீர் அறிவிப்பு வருவது நிற்கவில்லை. அன்று நம் பக்கத்துப் பஸ் களியக்காவிளையோடு திரும்பிவிடும். இஞ்சிவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியே எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது. நான் சொல்லும் வழி ரயில். குழித்துறையிலோ பாறசாலையிலோ ஏறித் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்குங்கள். தம்பானூரில் ஸ்டேஷன் வாசலிலிருந்து போலீஸ் வண்டி பயணிகளை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதைப் பல ஹர்த்தால்களில் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டின் அச்சுப்படியைக் கையில் காட்டும்படி வையுங்கள்.

முந்தின நாள் மாலையே போய் அங்கே தங்குவதுதான் மனசுக்கு நிம்மதி. டிஎன் 75 என்ற நம் மார்த்தாண்டம் பதிவு டாக்ஸி பிடித்தால், கேரளத்துக்கான பெர்மிட் வரி கட்டியிருக்கிறாரா என்று டிரைவரிடம் முதலிலேயே கேளுங்கள். இன்னொன்று: வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். சாலை வழியே சுற்றித்தான் போக வேண்டும். மும்பை வழியாகப் போகிறவர்கள் எந்த முனையம் என்று டிக்கெட்டில் பாருங்கள்.

ஆறாட்டு அன்னைக்கு ஃபிளைட்டு கிடையாதாமே, உண்மையா?

உண்மை. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி விழாக்களின் ஆறாட்டு ஊர்வலம், அதாவது சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம், ரன்வே வழியாகத்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. 1932இல் விமான நிலையம் வருவதற்கு முன்பே அதுதான் பாதை. ஆண்டில் அந்த இரண்டு மாலைகளில், நாலு நாலே முக்காலுக்குத் தொடங்கி ராத்திரி ஒன்பது வரை விமானம் இறங்காது, ஏறாது. முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், கம்பெனிகள் நேரத்தை மாற்றும். அன்று மாலை கிளம்பி வளைகுடாவில் வேறு விமானம் பிடிக்க வேண்டியவர்கள், மாற்றிய நேரத்துக்கு அந்த இணைப்பு எட்டுமா என்று பாருங்கள்.

ஃபிளைட்டு கேன்சல்னு மெசேஜ் வந்துது. என்னென்ன கேட்டு வாங்கலாம்?

இந்தியக் கம்பெனி என்றால், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி பேசும். வேறு விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். முன்னறிவிப்பே இல்லாமல் ரத்தானால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்ற வரம்புக்குள் இழப்பீடும் உண்டு. அடிப்படைக் கட்டணம் அதைவிடக் குறைவானால் அந்தக் குறைந்த தொகைதான். வெள்ளம், போர், வான்வெளி மூடல் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் பணம் திரும்பப் பெறும் உரிமை அப்போதும் போகாது. 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடம் தர வேண்டும். இரவு எட்டு மணிக்கும் அதிகாலை மூன்றுக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் அப்படியே.

ஏஜெண்ட் வழியாகப் போட்டிருந்தாலும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு விமானக் கம்பெனியுடையது. ‘ஏஜெண்டைப் பாருங்க’ என்று சொன்னால் விடாதீர்கள், அரசின் ஏர்சேவா செயலியில் புகார் பதியுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து கிளம்பும் விமானம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அந்த ஒன்றியத்தின் விதிதான். நீண்ட தூரத்துக்கு இழப்பீடு 600 யூரோ வரை போகும்.

குடியேற்றச் சோதனை முடிந்து உள்ளே உட்கார்ந்த பிறகு ரத்தானால், வெளியே வரும்முன் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் குத்திய புறப்பாட்டு முத்திரையின் மேல் அதிகாரி ரத்து என்று குறித்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். இல்லையேல் காகிதப்படி நீங்கள் நாட்டைவிட்டுப் போய்விட்ட ஆள்.

தனித்தனியா ரெண்டு டிக்கெட் போட்டா இருபதாயிரம் மிச்சமாகுது. போடலாமா?

இரண்டும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் உங்களைக் கொண்டுசேர்ப்பது கம்பெனியின் பாடு. தனித்தனி டிக்கெட்டில் இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியை நடுவழியில் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா வேண்டும். கொட்டை ஏலத் தேதிக்கு ஓடுகிறவர்கள் இருபதாயிரத்தைப் பார்க்காதீர்கள்.

துபாய் வழி மூடிட்டான். வேற வழியா அனுப்புறேங்கான். கேள்வி கேக்காம ஏறிரலாமா?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வழி மாறினால் தேவையான காகிதமும் மாறும். நாம் போய்ச் சேரும் நாட்டுக்குத்தான் காகிதம் தயார் செய்கிறோம். கடந்து போகும் நாட்டை மறந்துவிடுகிறோம்.

2024 ஏப்ரல் 16இல் துபாயில் பெய்த மழையில் விமான நிலையமே தண்ணீரில் நின்றது. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியது. இரண்டு முறையும் நம் ஆட்கள் நடுவழியில் அகப்பட்டார்கள். இன்னொரு முறை, எங்களுக்கு வேண்டிய ஒருவர் தான்சானியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். வளைகுடா விமானம் ரத்தாகி, அடிஸ் அபாபா வழியாக மாற்றிக் கொடுத்தார்கள். மகிழ்ந்து ஏறிவிட்டார். அங்கே இணைப்பு தவறியது, கம்பெனி ஹோட்டல் கூப்பன் நீட்டியது. அவரிடம் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் இல்லை. எத்தியோப்பியா பட்டியலில் உள்ள நாடு என்று மேலே சொன்னேன். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்துவிட்டு வருகிற பயணிக்கு இந்தியச் சுகாதார அதிகாரி திருப்திப்பட்டால் விலக்கு உண்டு. வெளியே ஹோட்டலுக்குப் போய்விட்டால் அந்த விலக்கைக் கேட்க முடியாது.

நல்லவேளை, கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ‘வெளியே போகாதீங்க அண்ணாச்சி, பெஞ்சிலேயே படுங்க’ என்றேன். பதினோரு மணி நேரம் இரும்பு நாற்காலியில் கிடந்தார், போர்டிங் பாஸ் இரண்டையும் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு. இங்கே சுகாதார மேசையில் அந்த இரண்டு துண்டுச் சீட்டுகளும் நேரமும்தான் அவரைக் காப்பாற்றின. பல நாடுகள் இப்படிக் கடப்பதில் 12 மணி நேரத்தை எல்லையாக வைத்திருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே மாற்று வழி தரும்போது மூன்றைக் கேளுங்கள். எந்த நாட்டில் இறங்குகிறேன்? அங்கே முனையம் மாற, பெட்டி எடுக்க, இரவு தங்க வெளியே போக வேண்டுமா? போனால் என் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும்? லண்டன் வழியானால் உள்ளேயே இருந்து மாறுவதற்கும் இந்தியர்களுக்குக் கடப்பு விசா வேண்டும், சில நாடுகளின் விசா கையில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. பதில் தெளிவாக இல்லையென்றால் ஏறாதீர்கள், அடுத்த வழியைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

போன இடத்துல கலவரம், நெட்டு இல்ல. டிக்கெட்டு எல்லாம் போனுக்குள்ள கிடக்கு.

2025 அக்டோபர் 29இல் தான்சானியாத் தேர்தல் நாளில் இணையம் நின்றது, தாருஸ்ஸலாமில் ஊரடங்கு. சரியாகக் கொட்டை சீசன் தொடங்கும் மாதம். அதனால் டிக்கெட், விசா, காப்பீடு, தூதரக எண், விற்பவரின் எண் எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்துப் போங்கள். இரண்டு நாள் செலவுக்கு உள்ளூர்ப் பணம் கையில் இருக்கட்டும்.

கலவரம்னு கேள்விப்பட்ட உடனே இன்சூரன்ஸ் எடுத்தா போதுமா?

போதாது. ஊரறிந்த ஆபத்துக்குப் பிறகு எடுத்த பாலிசி அந்த ஆபத்துக்குப் பணம் தராது. டிக்கெட் போடும் அன்றே எடுங்கள். போர், கலவரம், தவறிய இணைப்பு ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று படியுங்கள்.

காகிதம் சரியில்லைன்னு கவுண்டர்லயே திருப்பி அனுப்பிட்டான். காசு முழுக்கப் போச்சா?

இழப்பீடு கிடைக்காது, காகிதம் நம் பொறுப்பு. ஆனால் திரும்பக் கிடைக்காத வகை டிக்கெட்டானாலும், பயணம் செய்யாதபோது விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும் திரும்பக் கிடைக்க வேண்டும். எழுதிக் கேளுங்கள். கவுண்டரில் ஏன் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் விதியைத் தப்பாகப் படித்திருந்தால் பிறகு சண்டை போட அந்த ஒரு தாள்தான் வேண்டும்.

விசா நாளையோட முடியுது, ஃபிளைட்டு மூணு நாள் கழிச்சுத்தான். என் தப்பு இல்லையே, விட்டுருவாங்கல்லா?

தானாக விடமாட்டார்கள். விசா தீரும் முன்னே குடியேற்ற அலுவலகத்துக்குப் போக வேண்டும். தீர்ந்த மறுநாள் போனால் நீங்கள் விதி மீறியவர், முந்தின நாள் போனால் உதவி கேட்டு வந்தவர். ஷெங்கன் நாடுகளில், உங்கள் கைமீறிய காரணத்தால் கிளம்ப முடியவில்லை என்று காட்டினால் கட்டணமில்லாமல் விசாவை நீட்டிக்க அவர்கள் சட்டத்திலேயே இடம் உண்டு. அங்கே 180 நாளில் 90 நாள் என்ற கணக்கை இப்போது கைரேகை முறை தானாகவே எண்ணுகிறது. ஒரு நாள் மிகுந்தாலும் பதிவாகும், அடுத்த விசாவில் எதிரே வரும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: விமானம் ரத்தானதற்குக் கம்பெனியின் முத்திரையோடு ஒரு கடிதம், புதிய டிக்கெட், தங்கியிருக்கும் ஹோட்டல் ரசீது. குறுஞ்செய்தியை மட்டும் காட்டினால் பல இடங்களில் ஏற்பதில்லை. அந்தக் கடிதத்தை விமான நிலையத்தில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். கவுண்டர் மூடி ஊழியர்கள் போன பிறகு அதை எழுதித் தர அங்கே ஆள் இருக்காது.